பழைய காரைக் கண்காட்சிக்குக் கொண்டுபோகுமுன்: ஆர்சி, இன்ஷூரன்ஸ், நுழைவுப் பதிவு

சென்னை, கோவை, புதுச்சேரி போன்ற ஊர்களில் பழைய கார்கள் கூடும் நிகழ்ச்சிக்கு முதல்முறை வண்டியைக் கொண்டுபோகிறவர் பெரும்பாலும் பாலிஷையும் பேட்டரியையும் பற்றித்தான் கவலைப்படுகிறார். பம்பர் பளபளக்கும். ஆர்சி புத்தகத்தில் இருப்பதோ என்றோ விற்றுவிட்டுப் போன ஒருவரின் பெயர். நுழைவு மேசையில் இன்ஷூரன்ஸ் நகல் கேட்டால் ஒரு தாள் நீட்டப்படும், அவர்களும் வாங்கி ஃபைலில் போட்டுக்கொள்வார்கள். ஒன்றும் நடக்காதவரை அது போதும். யார் மேலாவது வண்டி இடித்துவிட்டால் மூன்று கேள்விகள் வரும். ஆர்சியில் யார் பெயர்? அந்த நேரத்தில் வண்டி எதற்காக ஓடியது? அந்த உபயோகத்துக்குப் பாலிசியில் இடம் உண்டா?

இந்த மூன்றுக்கும் பதிலை முன்கூட்டியே தயார் செய்துகொள்வது எப்படி என்பதைத்தான் கீழே வரிசையாகச் சொல்லியிருக்கிறோம். நடைமுறை தமிழ்நாட்டை வைத்துச் சொல்லப்பட்டது. மோட்டார் வாகனச் சட்டம் மத்திய சட்டம் என்பதால் புதுச்சேரி, பெங்களூருக்கும் பெரும்பகுதி பொருந்தும். நிகழ்ச்சிக்கு இரண்டு மாதம் இருக்கும்போதே ஆரம்பித்துவிடுங்கள். கடைசி வாரத்தில் பாலிசி வாங்கலாம், ஆர்சியைச் சரிசெய்ய முடியாது.

1. ஆர்சியில் உங்கள் பெயர் இருக்கிறதா

பழைய கார் சந்தையில் பெயர் மாற்றாமல் கைமாறும் வண்டிகள் ஏராளம். விற்றவர் ஃபார்ம் 29, ஃபார்ம் 30 இரண்டிலும் கையெழுத்து மட்டும் போட்டு, மற்றதை நிரப்பாமல் கொடுத்துவிடுவார். வாங்கியவர் அப்படியே அடுத்தவருக்குத் தள்ளிவிடுவார். 2018 பிப்ரவரியில் நவீன் குமார் எதிர் விஜய் குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம் இதற்குத் தெளிவாகப் பதில் சொல்லிவிட்டது. வண்டி எத்தனை கை மாறியிருந்தாலும், ஆர்டிஓ பதிவேட்டில் யார் பெயர் இருக்கிறதோ அவர்தான் சட்டத்தின் கண்ணில் உரிமையாளர், நஷ்டஈட்டுப் பொறுப்பும் அவருக்குத்தான். அந்த வழக்கில் விபத்துக்குக் காரணமான காரும் இப்படிப் பலரிடம் கைமாறிய காரேதான்.

"அப்படியானால் விற்றவருக்குத்தானே சிக்கல், எனக்கென்ன?" என்று வாங்கியவர் நினைக்கலாம். ஓட்டுநராக உங்கள் பேரில் வழக்கு வருவது இதனால் நின்றுவிடாது. இன்னொரு சிக்கலும் உண்டு. உரிமையாளர்–ஓட்டுநருக்கான 15 லட்சம் ரூபாய் தனிநபர் விபத்துக் காப்பீடு கிடைக்க வேண்டுமானால் ஓட்டியவர், ஆர்சியில் இருப்பவர், பாலிசிதாரர் மூவரும் ஒரே ஆளாக இருக்க வேண்டும், செல்லுபடியாகும் லைசென்ஸும் வேண்டும். பெயர் மாற்றாத வண்டியில் பிரீமியம் கட்டியும் அந்தப் பணம் குடும்பத்துக்கு வராது.

வாங்கிய 30 நாளுக்குள் பெயர் மாற்றத்துக்கு விண்ணப்பிக்க வேண்டும். ஃபார்ம் 29, 30, அசல் ஆர்சி, நடப்பு இன்ஷூரன்ஸ், புகைச் சான்றிதழ், முகவரிச் சான்று ஆகியவை தேவை. வேறு மாநில வண்டியென்றால் முதலில் அங்கிருந்து ஃபார்ம் 28 தடையில்லாச் சான்று. அப்பா, தாத்தா பெயரில் இருந்து அவர் காலமாகிவிட்டால் ஃபார்ம் 31, இறப்புச் சான்றிதழ், வாரிசுச் சான்றிதழ். மற்ற வாரிசுகளின் சம்மதக் கடிதத்தையும் சேர்த்தே கொண்டுபோங்கள், வேலை அங்கேதான் நிற்கும். வண்டி கைமாறிய 14 நாளுக்குள் இன்ஷூரன்ஸ் கம்பெனிக்கும் எழுத வேண்டும். மூன்றாம் நபர் (உங்கள் வண்டியால் பாதிக்கப்படும் வெளியாள்) பொறுப்புக்கான காப்பீடு வண்டியோடு தானாகவே கைமாறியதாகச் சட்டம் கருதும். உங்கள் வண்டியின் சேதத்துக்கான காப்பீட்டுக்கு அந்தச் சலுகை இல்லை.

பழைய எம்எஸ், எம்டி வரிசை நம்பர் வண்டிகளுக்கு இன்னொரு தடை உண்டு. காகித ஆர்சி புத்தகம் கையில் பத்திரமாக இருக்கும், ஆனால் 'வாகன்' என்ற அரசின் கணினிப் பதிவில் வண்டியே இருக்காது. அதில் இல்லாத நம்பருக்கு ஆன்லைனில் பாலிசி எடுக்க முடியாது, புகைச் சான்றிதழும் ஃபாஸ்டேகும்கூட இழுபறிதான். முதலில் பதிவான ஆர்டிஓ அலுவலகத்துக்குப் போய் 'பேக்லாக் என்ட்ரி' (பழைய பதிவைக் கணினியில் ஏற்றுவது) செய்யச் சொல்லி மனு கொடுங்கள். அசல் ஆர்சி, பழைய வரி ரசீது, சேஸிஸ் நம்பரின் பென்சில் அச்சு இவற்றைக் கொண்டுபோனால் வேலை நகரும். இந்த ஒரு படிக்கே பல வாரங்கள் ஆகலாம்.

15 ஆண்டுக்குப் பிறகு ஆர்சியை 5 ஆண்டுக்கு ஒருமுறை ஃபார்ம் 25 கொடுத்துப் புதுப்பிக்க வேண்டும், வண்டியை இன்ஸ்பெக்டர் நேரில் பார்ப்பார். 20 ஆண்டு தாண்டிய காருக்கு 2025 ஆகஸ்டிலிருந்து புதுப்பிப்புக் கட்டணம் 10,000 ரூபாய். வெளிநாட்டிலிருந்து இறக்குமதியான கார் என்றால் 80,000. பசுமை வரி தனி. தேதி தவறினால் மாதக் கணக்கில் தாமதக் கட்டணம் ஏறும். ஆர்சி காலாவதியான வண்டியை ரோட்டில் ஓட்டுவது பதிவே இல்லாத வண்டியை ஓட்டுவது போலத்தான் பார்க்கப்படும்.

பெயரும் தேதியும் சரியாக இருந்தால் பானெட்டைத் திறந்து இன்ஜின் நம்பரைப் பாருங்கள். டீசல் விலை குறைவாக இருந்த காலத்தில் எத்தனையோ பெட்ரோல் அம்பாசடர்களுக்கும் ஃபியட்களுக்கும் டீசல் இன்ஜின் ஏற்றினார்கள். எல்லாரும் அதை ஆர்சியில் ஏற்றவில்லை. ஆர்சியில் பெட்ரோல், உள்ளே டீசல் என்றால் சொந்தச் சேத கிளெய்மை சர்வேயர் முதல் நாளே ஓரம் கட்டிவிடுவார். மாற்றத்தை ஆர்டிஓவில் எழுதி வாங்குங்கள், அல்லது அசல் இன்ஜினைத் தேடிப் பொருத்துங்கள். கண்காட்சி நடுவர்களுக்கும் பிடிப்பது இரண்டாவதுதான்.

2. 'விஏ' நம்பருக்கு ஆசைப்படுவதற்கு முன்

2021 ஜூலையில் மத்திய மோட்டார் வாகன விதிகளில் 81ஏ முதலான புது விதிகள் சேர்ந்தன. முதல் பதிவிலிருந்து 50 ஆண்டு தாண்டி, சேஸிஸ், பாடி, இன்ஜின் பெரிதாக மாற்றப்படாத இருசக்கர, நான்கு சக்கர வண்டிகளை விண்டேஜாகப் பதியலாம். அரசின் பரிவாகன் இணையதளத்தில் ஃபார்ம் 20, இன்ஷூரன்ஸ், பழைய ஆர்சி (இறக்குமதியானால் சுங்கத்தின் பில் ஆஃப் என்ட்ரி) இவற்றோடு விண்ணப்பிக்க வேண்டும். கட்டணம் 20,000 ரூபாய், 10 ஆண்டு செல்லும், புதுப்பிக்க 5,000. புது நம்பரில் மாநில எழுத்துக்குப் பிறகு 'விஏ' வரும். ஏற்கெனவே பதிவான வண்டி தன் பழைய நம்பரையே வைத்துக்கொள்ளலாம், பழைய எம்எஸ் நம்பர் பிளேட்டைப் பார்த்துப் பார்த்து வளர்த்தவர்களுக்கு இது ஆறுதல்.

ஆனால் இதில் கட்டுப்பாடு உண்டு. விண்டேஜாகப் பதிந்த வண்டியைக் கண்காட்சிக்கு, ரேலிக்கு, தொழில்நுட்ப ஆய்வுக்கு, பெட்ரோல் போட, ரிப்பேருக்கு என்று மட்டுமே ரோட்டில் எடுக்கலாம். தினசரிப் பயணத்துக்கும் வணிக உபயோகத்துக்கும் அனுமதி இல்லை. வாரக் கடைசியில் குடும்பத்தோடு மாமல்லபுரம் போய்வர ஒரு பிரீமியர் பத்மினி வைத்திருப்பவருக்கு இது தேவையில்லாத விலங்கு. சாதாரணப் பதிவைப் புதுப்பித்துக்கொண்டே போவது நல்லது. ரோட்டையே அதிகம் பார்க்காத, போருக்கு முந்தைய செவர்லே, ஆஸ்டின் மாதிரி வண்டிகளுக்கு விண்டேஜ் பதிவு பொருந்தும். வண்டி அசலாக இருக்கிறதா என்று சந்தேகம் வந்தால் ஒப்பிட்டுப் பார்க்கக் கோவை அவினாசி சாலையில் உள்ள ஜி.டி. கார் அருங்காட்சியகம் போன்ற இடங்களுக்கு ஒருமுறை போய்வருவது வீண் போகாது.

வயதுக் கணக்கில் ஏமாறாதீர்கள். ஆர்டிஓவுக்கு விண்டேஜ் என்றால் 50 ஆண்டு. கார் இன்ஷூரன்ஸ் விதித் தொகுப்பான பழைய இந்திய மோட்டார் டாரிஃபின்படி (சுருக்கமாக ஐஎம்டி) இன்ஷூரன்ஸுக்கு 1940 டிசம்பர் 31க்கு முன் தயாராகி, விண்டேஜ் அண்ட் கிளாசிக் கார் கிளப் ஆஃப் இந்தியாவின் சான்று பெற்ற கார். உலகக் கூட்டமைப்பான ஃபீவாவுக்கோ 30 ஆண்டு ஆனாலே அது வரலாற்று வாகனம். நுழைவுப் படிவத்தில் எந்த வகுப்பு என்று கேட்டால் அந்த நிகழ்ச்சியின் விதித்தாளைப் பார்த்து எழுதுங்கள், ஆர்சியைப் பார்த்து அல்ல.

3. பாலிசியில் படிக்க வேண்டியது எந்தப் பக்கம்

பலரும் பார்ப்பது முடியும் தேதியையும் பிரீமியத்தையும். பார்க்க வேண்டியது 'உபயோக வரம்பு' என்ற சின்ன எழுத்துப் பத்தி. தனியார் கார் பாலிசி எதுவானாலும் அதில் ஏறக்குறைய இதேதான் இருக்கும்: வாடகைக்கு விடுதல், சரக்கு ஏற்றுதல், ஒழுங்குசெய்யப்பட்ட பந்தயம், வேகச் சோதனை, ரிலையபிலிட்டி டிரயல், மோட்டார் வியாபாரம் ஆகியவை தவிர எந்த உபயோகத்துக்கும் செல்லும்.

இதை உங்கள் நிகழ்ச்சியோடு பொருத்திப் பாருங்கள். ஞாயிறு காலை எல்லாரும் கடற்கரைச் சாலையில் போய் இட்லி சாப்பிட்டுத் திரும்புவது சாதாரண உபயோகம். மைதானத்தில் நிறுத்திக் காட்டுவதும் அப்படியே. அணிவகுப்பாக ஊரைச் சுற்றுவதிலும் பிரச்சினை இல்லை. ஆனால் குறிப்பிட்ட தூரத்தைக் குறிப்பிட்ட நேரத்தில், குறிப்பிட்ட சராசரி வேகத்தில் கடக்க வேண்டும், பிந்தினால் மதிப்பெண் குறையும் என்று வைத்தால், அழைப்பிதழில் 'ஹெரிட்டேஜ் டிரைவ்' என்று எழுதியிருந்தாலும் அது ரிலையபிலிட்டி டிரயல்தான். அதற்கென்றே ஐஎம்டி 31 என்ற கூடுதல் ஒப்புதல் இருக்கிறது. நிகழ்ச்சியின் பெயர், இடம், தேதி, நடத்துபவர் விவரத்தோடு கூடுதல் பிரீமியம் கட்டி எழுதி வாங்க வேண்டும். கவுன்ட்டரில் உட்கார்ந்திருப்பவர் "அதெல்லாம் இப்போ கிடையாது சார்" என்று சொல்லக்கூடும். கிளை மேலாளருக்கு நிகழ்ச்சியின் விதித்தாளை இணைத்து மின்னஞ்சல் அனுப்பி, பதிலை எழுத்தில் வாங்குங்கள்.

பந்தயம் வேறு ரகம். மோட்டார் வாகனச் சட்டம் 150ஆம் பிரிவில், மூன்றாம் நபருக்குக் கொடுக்க வேண்டிய நஷ்டஈட்டிலேயே கம்பெனி தப்பிக்க வழிவிடும் சில காரணங்கள் இருக்கின்றன. ஒழுங்குசெய்யப்பட்ட பந்தயமும் வேகச் சோதனையும் அதில் சேர்த்தி. அரசின் எழுத்து அனுமதி இல்லாமல் ரோட்டில் பந்தயம் விட்டால் 189ஆம் பிரிவில் 3 மாதம் வரை சிறை அல்லது 5,000 ரூபாய் வரை அபராதம். திரும்பி வரும் வழியில் "யார் முந்தி வருகிறார்கள் பார்ப்போம்" என்று யாராவது ஆரம்பித்தால் ஒதுங்கிக்கொள்ளுங்கள்.

வாடகை என்ற சொல்தான் தமிழ்நாட்டில் அதிகம் கடிக்கிறது. கல்யாண ஊர்வலத்துக்கும் சினிமா ஷூட்டிங்குக்கும் பழைய காரைக் காசு வாங்கிக்கொண்டு கொடுப்பது வெகு சாதாரணம். வெள்ளை போர்டு வண்டியைக் கூலிக்கு விட்ட நேரத்தில் விபத்தானால் பணம் தர மறுக்கக் கம்பெனிக்குக் காரணம் கிடைத்துவிடும். கண்காட்சியில் பார்வையாளர் குழந்தைகளை ஆளுக்கு 50 ரூபாய் வாங்கிக்கொண்டு ஒரு ரவுண்டு ஏற்றிச் சுற்றுவதும் இதே கணக்குதான், வசூல் தர்ம காரியத்துக்கே போனாலும்.

காசு வாங்காமல் ஏற்றினாலும் ஒரு கேள்வி உண்டு: உங்களிடம் இருப்பது மூன்றாம் நபர் பொறுப்பை மட்டும் ஏற்கும் தேர்டு பார்ட்டி பாலிசியா, உங்கள் வண்டியின் சேதத்தையும் சேர்த்த பேக்கேஜ் பாலிசியா? பேக்கேஜ் பாலிசியில் காருக்குள் இருப்பவர்களுக்கான பொறுப்பும் அடங்கும் என்று 2009இல் காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் சுற்றறிக்கை விட்டது, 2012இல் நேஷனல் இன்ஷூரன்ஸ் எதிர் பாலகிருஷ்ணன் வழக்கில் உச்ச நீதிமன்றமும் அதை எடுத்துக்காட்டியது. வெறும் தேர்டு பார்ட்டி பாலிசியில் அப்படிச் சொல்ல முடியாது. தேர்டு பார்ட்டி மட்டும் வைத்திருந்தால் யாரையும் ஏற்றாதீர்கள்.

அடுத்தது 100 ரூபாய்க் கணக்கு. மூன்றாம் நபரின் உயிர், உடல் சேதத்துக்குத் தனியார் கார் பாலிசியில் உச்சவரம்பு இல்லை. அவர் சொத்துச் சேதத்துக்கு மட்டும் 7.5 லட்சம் ரூபாய் வரம்பு. இந்த 7.5 லட்சத்தைச் சட்டத்தின் குறைந்தபட்சமான 6,000 ரூபாயாக இறக்கிக்கொண்டால் பிரீமியத்தில் 100 ரூபாய் தள்ளுபடி. சில ஏஜென்ட்கள் கேட்காமலே இதை டிக் செய்துவிடுகிறார்கள். பாலிசியில் 'ஐஎம்டி 20' என்று இருந்தால் அதுதான் இது. கண்காட்சி மைதானத்தில் உங்கள் வண்டிக்கு அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் நிற்பவை விலை மதிப்பில்லாத வண்டிகள். ஹேண்ட்பிரேக் நழுவி பக்கத்து வண்டியின் மட்கார்டில் ஒரு முட்டு முட்டினால், டின்கர் வேலைக்கும் பெயின்ட்டுக்கும் 6,000 எந்த மூலைக்கு? புதுப்பிக்கும்போது அதை நீக்கச் சொல்லுங்கள். நண்பரின் வண்டியை இடம் மாற்றி நிறுத்த நீங்கள் ஓட்டினால், அந்த வண்டிக்கு ஆகும் சேதத்தை உங்கள் பாலிசி தராது என்பதையும் நினைவில் வையுங்கள்.

தேர்டு பார்ட்டி பிரீமியத்தை அரசே நிர்ணயிக்கிறது. 2022 ஜூன் முதலான விலை: 1000 சிசி வரை 2,094 ரூபாய், 1500 சிசி வரை 3,416, அதற்கு மேல் 7,897. ஜிஎஸ்டி 18 சதவீதம் தனி. வண்டலூரில் தயாரான ஸ்டாண்டர்டு ஹெரால்டு 948 சிசி, முதல் வரிசை. ஃபியட் 1100 (1089 சிசி), பெட்ரோல் அம்பாசடர் (1489 சிசி) இரண்டும் நடு வரிசை. விண்டேஜாகப் பதிவான தனியார் காருக்கு இதில் பாதி தள்ளுபடி உண்டு. கம்பெனி மென்பொருள் அதைத் தானாகப் போடாது, ஆர்சியைக் காட்டிக் கேட்டுத்தான் வாங்க வேண்டும்.

பேக்கேஜ் பாலிசி பழைய காருக்கு ஆன்லைனில் கிடைப்பது அரிது. சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட யுனைடெட் இந்தியா உள்ளிட்ட பொதுத்துறைக் கம்பெனிகளின் கிளைக்கு நேரில் போங்கள். நான்கு பக்கப் படம், இன்ஜின், சேஸிஸ் நம்பர் படம், ஓடோமீட்டர் படம் எடுத்துக்கொண்டு, வண்டியை இன்ஸ்பெக்‌ஷனுக்குக் காட்டத் தயாராக இருங்கள். உற்பத்தி நின்றுபோன மாடலுக்கும் 5 ஆண்டு தாண்டிய வண்டிக்கும் ஐடிவி (வண்டி முழுதாகப் போனால் கம்பெனி தரும் உச்சத் தொகை) என்பது இரு தரப்பும் பேசி ஒப்புக்கொள்ளும் தொகை. மதிப்பீட்டாளரிடம் எழுத்து அறிக்கை வாங்கி, பழுதுபார்த்த ரசீதுகளையும் இணைத்தால் பேச வசதியாக இருக்கும். ஐந்து லட்சம் செலவழித்த ஃபியட்டுக்கு 40,000 ரூபாய் ஐடிவி போட்டுப் பாலிசி வாங்குவதில் அர்த்தமில்லை. 1940க்கு முந்தைய சான்று பெற்ற காருக்கு முன்கூட்டியே ஒத்துக்கொண்ட மதிப்பில் பாலிசி கேட்கலாம்.

புகைச் சான்றிதழ் பழைய வண்டிக்கு 6 மாதம்தான் செல்லும். பாலிசி புதுப்பிக்கும்போது கேட்பார்கள். 2000க்கு முந்தைய பெட்ரோல் காருக்கு ஐடிலில் கார்பன் மோனாக்சைடு 3 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும். குளிர்ந்த இன்ஜினோடும் சோக் இழுத்த நிலையிலும் போனால் தேறாது. இருபது நிமிடம் ஓட்டிச் சூடாக்கி, கார்புரேட்டரின் ஐடில் மிக்ஸ்சர் திருகைச் சரிசெய்த பிறகு போங்கள்.

4. நடத்துபவரின் இன்ஷூரன்ஸ் உங்களைக் காப்பாற்றுமா

பெரும்பாலும் இல்லை. புதியவர்கள் அதிகம் ஏமாறுவது இங்கேதான். அழைப்பிதழில் 'நிகழ்ச்சி முழுமையாகக் காப்பீடு செய்யப்பட்டது' என்று இருந்தால், அது பொதுவாக நடத்துபவரின் பொதுப் பொறுப்புப் பாலிசி. பந்தல் சரிந்து பார்வையாளர் தலையில் விழுந்தால், ஒயர் தடுக்கி ஒருவர் கால் முறிந்தால் அது பேசும். மோட்டார் வாகனச் சட்டப்படி காப்பீடு செய்ய வேண்டிய வண்டியால் வரும் பொறுப்பு அதில் வழக்கமாகவே விலக்கு. ஆக உங்கள் காரால் வரும் விபத்துக்கு உங்கள் கார் பாலிசி மட்டும்தான்.

நீங்களே நண்பர்களோடு சின்னதாக ஒரு கூட்டம் நடத்தப்போகிறீர்கள் என்றால், கம்பெனியிடம் கேட்க வேண்டியது 'தொழிற்சாலை அல்லாத பொதுப் பொறுப்புப் பாலிசி' அல்லது பொறுப்புப் பிரிவு அடங்கிய ஈவென்ட் பாலிசி. வெறுமனே 'பப்ளிக் லயபிலிட்டி' என்று கேட்டால் 1991ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் வரும் பாலிசியை எடுத்து நீட்டிவிடுவார்கள். அது அபாயகரமான ரசாயனங்களைக் கையாளும் ஆலைகளுக்கானது, உங்களுக்கு உதவாது.

பாலிசி கைக்கு வந்ததும் சிலவற்றைச் சரிபாருங்கள். ஒரு விபத்துக்கு எவ்வளவு, மொத்தக் காலத்துக்கு எவ்வளவு என்று இரண்டு வரம்புகள் இருக்கும். இரண்டும் ஒரே தொகை என்றால் முதல் விபத்திலேயே எல்லாம் தீர்ந்துவிடும். பந்தல் போடும் நாளும் பிரிக்கும் நாளும் தேதிக்குள் வர வேண்டும், விபத்துகள் அப்போதுதான் அதிகம். மைதானத்துக்காரரை (கல்லூரியோ ஹோட்டலோ) கூடுதல் காப்பீடுதாரராகச் சேர்க்கச் சொல்லி அவர்களே கேட்பார்கள், ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடுமுன் கம்பெனியிடம் சொல்லுங்கள். ஊர்வலம் உண்டு என்றால் காவல்துறை அனுமதி எண்ணையும் பாதை வரைபடத்தையும் விண்ணப்பத்தோடு கொடுங்கள். மறைத்துவிட்டுப் பிறகு சொன்னால் கிளெய்ம் நிற்காது.

நுழைவுப் படிவத்தின் கடைசியில் "எந்த விபத்துக்கும் நடத்துபவர் பொறுப்பல்ல" என்று ஒரு வாசகம் இருக்கும், அதில் கையெழுத்துக் கேட்பார்கள். போடலாம். ஆனால் அது உங்களுக்கும் அவர்களுக்கும் இடையிலான பேச்சு மட்டுமே. வேடிக்கை பார்க்க வந்து அடிபட்டவர் அந்தத் தாளில் கையெழுத்துப் போடவில்லை, அவர் உரிமையை அது பறிக்காது. "மூன்றாம் நபர் கோரும் தொகை முழுவதையும் நடத்துபவர் சார்பில் நான் ஈடுகட்டுவேன்" என்ற மாதிரி வரி இருந்தால் மட்டும் நிறுத்துங்கள். அப்படி நீங்களாக ஒப்பந்தத்தில் ஏற்றுக்கொள்ளும் பொறுப்பு உங்கள் கார் பாலிசிக்கு வெளியே. அடித்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள், நல்ல கிளப் எதுவும் கோபித்துக்கொள்ளாது.

சென்னையில் மெட்ராஸ் ஹெரிட்டேஜ் மோட்டாரிங் கிளப், ஹிஸ்டாரிக்கல் கார் அசோசியேஷன் ஆஃப் இந்தியா போன்ற அமைப்புகள் உண்டு. புதியவர்கள் முதலில் உறுப்பினராகச் சேர்ந்து, ஓரிரு கூட்டங்களை வண்டி இல்லாமல் போய்ப் பார்ப்பது நல்லது.

படிவம் நிரப்பும்போது செய்யும் பிழைகள் கொஞ்சம்தான். தயாரான ஆண்டும் பதிவான ஆண்டும் ஒன்றல்ல, இரண்டையும் எழுதுங்கள். வண்டியை ஓட்டப்போகும் ஒவ்வொருவர் பெயரும் லைசென்ஸ் எண்ணும் வேண்டும், "தேவைப்பட்டால் தம்பி ஓட்டுவான்" என்று விட்டுவிடாதீர்கள். சம்பளத்துக்கு டிரைவர் வைத்திருந்தால் பாலிசியில் ஐஎம்டி 28 சேர்த்துக்கொள்ளுங்கள், ஆண்டுக்கு 50 ரூபாய் சொச்சம்தான். அதோடு ஆர்சி, பாலிசியின் எல்லாப் பக்கங்கள், புகைச் சான்றிதழ், லைசென்ஸ் நகல்கள். பாலிசியின் முதல் பக்கத்தை மட்டும் கொடுப்பதால் பயனில்லை, வரம்புகள் எல்லாம் இரண்டாம் பக்கத்தில் இருக்கும்.

5. மைதானத்தில்

"நிறுத்தித்தானே வைத்திருக்கிறோம், இன்ஷூரன்ஸ் எதற்கு?" என்று கேட்பவர்கள் உண்டு. சட்டத்தில் பொது இடம் என்றால் ரோடு மட்டுமல்ல, பொதுமக்கள் வந்துபோகும் உரிமையுள்ள எந்த இடமும்தான். வண்டி ஓடினால்தான் உபயோகம் என்பதும் இல்லை. கவிழ்ந்து கிடந்த பெட்ரோல் லாரி பல மணி நேரம் கழித்து வெடித்ததையும் வாகன உபயோகத்தால் நேர்ந்த விபத்தாகவே 1991இல் உச்ச நீதிமன்றம் ஏற்றது. ஷிவாஜி தயானு பாட்டீல் வழக்கு அது.

ஒழுகும் பெட்ரோல்தான் கண்காட்சியில் முதல் எதிரி. இப்போது பங்க்கில் கிடைப்பது 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல். பழைய ரப்பர் ஹோஸும், மெக்கானிக்கல் பெட்ரோல் பம்ப்பின் டயாஃப்ரமும் அதில் ஊறி, தடித்து, விரிசல் விடும். எத்தனாலைத் தாங்கும் ஹோஸாக மாற்றி, கிளிப்பை இறுக்கி, இன்ஜின் ஓடும்போது பம்ப்பின் அடியில் விரல் வைத்துப் பாருங்கள். ஈரம் தட்டினால் அன்றைக்கு வண்டி வீட்டிலேயே இருக்கட்டும். டேங்க்கில் கால் பங்குக்கு மேல் வேண்டாம். நிறுத்தியதும் பேட்டரியின் ஒரு டெர்மினலைக் கழற்றுங்கள். 2 கிலோ ஏபிசி பவுடர் தீயணைப்பான் டிக்கிக்குள் அல்ல, டிரைவர் சீட்டின் காலடியில் இருக்க வேண்டும்.

சக்கரத்துக்கு இருபுறமும் கட்டை போடுங்கள். பழைய ஹேண்ட்பிரேக்கை நம்பாமல் கியரில் போட்டு நிறுத்துவது நம் எல்லாருக்கும் பழக்கம். மாலையில் பேட்டரி படுத்துவிடும், கூட்டம் சுற்றி நிற்கும், இன்ஜினைக் கையால் சுற்றிக் கிளப்பும் ஹாண்டிலை யாரோ ஆர்வத்தில் முன்பக்கம் மாட்டிச் சுற்றுவார். கியர் நியூட்ரலில் இல்லை என்பது இன்ஜின் பிடித்த நொடியில்தான் தெரியும், வண்டி சுற்றியவர் மேலேயே ஏறும். ஹாண்டில் போடுமுன் ஒருவர் டிரைவர் சீட்டில் உட்கார்ந்து, கியர் லீவரை இப்படியும் அப்படியும் ஆட்டி, "நியூட்ரல்" என்று வாய்விட்டுச் சொல்ல வேண்டும், காலைப் பிரேக்கில் வைத்திருக்க வேண்டும். முன்னால் நிற்பவர்களை விலக்கிய பிறகே சுற்ற வேண்டும். சாவியை வண்டியில் விடக் கூடாது. லைசென்ஸ் இல்லாத பையன் ஓட்டி யாரையாவது இடித்தால், கம்பெனி அடிபட்டவருக்குக் கொடுத்துவிட்டு அந்தப் பணத்தை உங்களிடம் வசூலிக்க வரும்.

6. ஏதாவது நடந்துவிட்டால்

முதலில் 108. வண்டியை நகர்த்துமுன், உயிருக்கு ஆபத்தில்லை என்றால், நான்கு பக்கமும் படம் எடுங்கள், சக்கரக் கட்டையும் கியர் லீவரும் படத்தில் வரட்டும். அடிபட்டவரிடம் "செலவை நான் பார்த்துக்கொள்கிறேன்" என்று எழுதிக் கொடுத்து அங்கேயே சமரசம் பேசாதீர்கள். கம்பெனியின் சம்மதம் இல்லாமல் பொறுப்பை ஏற்றுக்கொள்வது பாலிசி நிபந்தனையை மீறுவதாகும். ஆஸ்பத்திரிக்குக் கூடப் போவதும் உதவி செய்வதும் வேறு, அதைத் தாராளமாகச் செய்யுங்கள்.

காவல் நிலையத்தில் தகவல் பதிவாக வேண்டும். 2022 ஏப்ரல் முதல் விசாரணை அதிகாரி 48 மணி நேரத்துக்குள் முதல் விபத்து அறிக்கையை நஷ்டஈட்டுத் தீர்ப்பாயத்துக்கு அனுப்ப வேண்டும். உங்கள் பாலிசி விவரமும் அதில் போகும் என்பதால் சரியான நகலைக் கொடுங்கள். அதே நாளில் கம்பெனிக்கு அழைத்துச் சொல்லி, கிளெய்ம் எண் வாங்கி, மின்னஞ்சலும் அனுப்புங்கள். பாதிக்கப்பட்டவர் தீர்ப்பாயத்தில் மனுப்போட விபத்திலிருந்து 6 மாதம் இருக்கிறது. ஆகவே ஒரு வாரம் அமைதியாகப் போனதால் முடிந்துவிட்டது என்று எண்ண வேண்டாம்.

நிகழ்ச்சியின் அழைப்பிதழ், விதித்தாள், நேர அட்டவணை, நீங்கள் கொடுத்த நுழைவுப் படிவத்தின் நகல் இவற்றைத் தனி உறையில் போட்டு வையுங்கள். அன்றைக்கு நடந்தது அணிவகுப்பா பந்தயமா என்று வக்கீல் கேட்கும்போது காட்ட வேண்டியது அவைதான். நடத்துபவர் அலுவலகத்தில் ஓராண்டு கழித்து அந்தத் தாள் கிடைக்கும் என்று நம்பாதீர்கள்.